ஷெல்லடி பட்ட மதிலின் மேல் ஒரு நடை



ஊரைச் சுற்றி ஒரு பழைய கோட்டை மதில். அதன் உச்சியில் நடப்பதற்கு ஒரு பாதை. களைத்தால் குளிர்ந்த தோடம்பழச் சாறு, இறங்கி வந்தால் சூடான சாப்பாடு. இதைக் கேட்டதும், "இது உல்லாசப் பயணிகளின் பொழுதுபோக்கு, இதில் எங்களுக்கு என்ன இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதுதான்.

ஆனால் இந்த மாதம் நாம் நடந்து பார்க்கப்போவது ஷெல் விழுந்த ஓர் ஊர். தண்ணீரும் மின்சாரமும் துண்டிக்கப்பட்டு, கூரைகள் எரிந்து, பெண்கள் பிள்ளைகளோடு இருட்டுக்குள் ஒடுங்கிக் கிடந்த ஊர். அந்த ஊர் தன்னை எப்படித் திருத்திக் கட்டியது, எதை மறக்காமல் வைத்திருக்கிறது, எதை இழந்துகொண்டிருக்கிறது என்பதைப் பார்ப்பதற்கு அந்த மதிலை விட நல்ல இடம் இல்லை. ஊரின் பெயர் டுப்ரோவ்னிக். குரோஷியா நாட்டின் தென்கோடியில், அட்ரியாட்டிக் கடலோரத்தில் இருக்கிறது.

வாசலில் ஒரு படம்

மேற்கு வாசலுக்குப் 'பிலே' என்று பெயர். அகழியின் மேல் உள்ள கல்பாலத்தைக் கடந்து உள்ளே போகிறவர்களின் கண்ணில் படும்படி அங்கே ஒரு பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். முதலில் பார்ப்பவர்கள் அதை வழிகாட்டும் வரைபடம் என்றே நினைப்பார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால்தான் விளங்கும். எந்த வீட்டின் கூரையில் ஷெல் நேரடியாக விழுந்தது, எந்த வீடு முற்றாக எரிந்தது, எந்தத் தெருவின் கல் சிதறியது என்று ஒவ்வொன்றையும் அடையாளமிட்டுக் காட்டும் சேதப் படம் அது. கிழக்கு வாசலிலும் இப்படி ஒன்று உண்டு.

பழைய நகரில் இருந்த 824 கட்டடங்களில் 563 கட்டடங்கள் 1991, 1992ஆம் ஆண்டுகளில் தாக்கப்பட்டன. ஒன்பது கட்டடங்கள் அடியோடு எரிந்துபோயின. நாம் நடக்கப்போகும் மதிலில் மாத்திரம் 111 இடங்களில் நேரடி அடி விழுந்தது. வருகிற விருந்தாளிக்கு முதலில் இதைக் காட்டிவிட்டுத்தான் ஊர் தன் அழகைக் காட்டுகிறது.

முதலில் ஒரு வாய் தண்ணீர்

வாசலைத் தாண்டியதும் வலப்பக்கத்தில் வட்டமான ஒரு பெரிய நீர்த்தொட்டிக் கட்டடம் இருக்கிறது. சுற்றிவரப் பதினாறு கல்முகங்கள். அவற்றின் வாய்களிலிருந்து தண்ணீர் விழும். ஒனோஃப்ரியோ என்ற இத்தாலியப் பொறியியலாளர் 1438ஆம் ஆண்டளவில் இதைக் கட்டினார். ஏறத்தாழ 12 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள ஊற்றிலிருந்து கல்வாய்க்கால் வெட்டி, தண்ணீர் தானாக ஓடி வரும்படி சரிவு பார்த்துக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் அதில் காசில்லாமல் குடிக்கலாம். மதிலில் ஏறுபவர்கள் போத்தலை இங்கேயே நிரப்பிக்கொள்வது நல்லது.

1991ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத் தொடக்கத்தில் யூகோஸ்லாவிய இராணுவம் இந்த ஊரை முற்றுகையிட்டபோது முதலில் நின்றுபோனவை தண்ணீரும் மின்சாரமும்தான். டிசம்பர் முடியும் வரை குழாயில் தண்ணீர் வரவில்லை. ஒரு வாளித் தண்ணீரைக் குடிக்க, சமைக்க, பிள்ளையைக் கழுவ என்று பங்கு போடுவது எப்படி என்பதை இந்த இதழின் வாசகிகளுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

இதே வாசலருகில் புனித கிளாரா கன்னியர் மடம் இருந்தது. கைவிடப்பட்ட குழந்தைகளைப் பராமரிப்பதற்கென்று 1432ஆம் ஆண்டிலேயே இந்த ஊரின் அரசு ஓர் இல்லத்தை ஏற்படுத்தியது. ஐரோப்பாவில் அரசு நடத்திய மிகப் பழைய குழந்தைகள் இல்லங்களில் இதுவும் ஒன்று. அதற்கு முன், 1416ஆம் ஆண்டில், ஊரவர் அடிமை வியாபாரம் செய்வதையும் சட்டம் போட்டுத் தடுத்திருந்தது.

மதில் யாருக்காக?

பிலே வாசலுக்கு அருகில் உள்ள செங்குத்தான படிகளில் ஏறினால் மதிலின் உச்சி. இங்கிருந்து கடற்பக்கமாகத் தொடங்கி ஊரை ஒரு சுற்றுச் சுற்றி இதே இடத்துக்குத் திரும்பலாம். எல்லோரும் ஒரே திசையில்தான் நடக்க வேண்டும். மொத்தத் தூரம் 1,940 மீற்றர். தூரம் கொஞ்சம்தான், ஆனால் ஏற்றமும் இறக்கமும் படிகளும் அதிகம். ஆறுதலாக நடந்தால் இரண்டு மணித்தியாலம் வேண்டும். நிழல் மிகவும் குறைவு என்பதால் கோடையில் காலை எட்டு மணிக்கே ஏறிவிடுவது புத்தி. முழங்கால் வலி உள்ளவர்கள் அவசரப்படக்கூடாது.

இந்த மதில் ஒரே நாளில் எழுந்ததல்ல. 12ஆம் நூற்றாண்டிலிருந்து 17ஆம் நூற்றாண்டு வரை சிறிது சிறிதாகக் கட்டியும் தடிப்பாக்கியும் வந்தார்கள். சில இடங்களில் 25 மீற்றர் உயரம். தரைப்பக்கத்தில் 4 முதல் 6 மீற்றர் வரை தடிப்பு. கடற்பக்கத்தில் அதை விடக் குறைவு.

அந்நாளில் இந்த ஊர் ராகுசா என்ற பெயரில் ஒரு சிறு குடியரசாக இருந்தது. பெரிய படை இல்லை. ஒரு பக்கம் வெனிஸ், மறுபக்கம் துருக்கியப் பேரரசு. கப்பல் வியாபாரத்தாலும் உப்பு விற்பனையாலும் சம்பாதித்து, சுல்தானுக்கு ஆண்டுதோறும் கப்பம் கட்டி, பேசிப் பேசியே தப்பிப் பிழைத்தார்கள். 1806ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படை உள்ளே வந்தபோதும் மதிலை உடைத்து வரவில்லை. கதவு திறந்துவிடப்பட்டுத்தான் வந்தது. இரண்டு ஆண்டுகளில் குடியரசு ஒழிக்கப்பட்டது.

மேற்கு மூலையில் நின்று பார்த்தால், சிறிய கடல்வாய்க்கு அப்பால் தனிப்பாறையின் மேல் ஒரு கோட்டை தெரியும். பெயர் லொவ்ரியெனாச். அதன் சுவர்களைக் கவனியுங்கள். எதிரியை நோக்கிய பக்கத்தில் தடிப்பு ஏறத்தாழ 12 மீற்றர். ஊரை நோக்கிய பக்கத்தில் 60 சென்ரிமீற்றர் மாத்திரமே. ஏன் அப்படி? கோட்டையில் இருக்கும் தளபதிக்கே ஒருநாள் புத்தி மாறி, பீரங்கியை ஊர்ச் சனங்களின் பக்கம் திருப்பினால், ஊரிலிருந்து சுட்டு அந்தச் சுவரை உடைத்துவிட வேண்டும் என்பதற்காகத்தான். ஊரின் தலைவரையும் ஒரு மாதத்துக்கு மேல் பதவியில் இருக்க விட்டதில்லை. காவலுக்கு ஆள் வைத்தால் அந்தக் காவலையும் கண்காணிக்க வேண்டும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

கடற்பக்கத்தில் ஒரு குவளைச் சாறு

தெற்கு மதில் பாறைகளின் மேல் நிற்கிறது. வலப்பக்கம் கீழே நீலக்கடல். இடப்பக்கம் கை நீட்டினால் தொடலாம் போல வீட்டுக் கூரைகள். ஒடுங்கிய வளவுகளில் தோடை மரமும் தேசி மரமும் நிற்கும். ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு கட்டி உடுப்புக் காயவிட்டிருப்பார்கள். பிள்ளையின் பாடசாலைச் சேர்ட்டும் மேசைவிரிப்பும் அருகருகே தொங்கும். காசு கொடுத்துக் கோட்டை பார்க்க வந்தவர்கள் ஒரு குடும்பத்தின் துவைத்த துணியையும் பார்த்துக்கொண்டு போகிறார்கள்.

இந்தப் பக்கத்தில் மதிலின் மேலேயே சிறிய சிற்றுண்டிக் கடைகள் இருக்கின்றன. பிழிந்த தோடம்பழச் சாறும், தேசிக்காய்த் தண்ணீரும், கோப்பியும் கிடைக்கும். விலை கூடத்தான். ஆனால் வெயிலில் பாதி தூரம் நடந்தவர்களுக்கு அந்தக் குவளையின் அருமை தெரியும்.

குடித்துக்கொண்டே கீழே எட்டிப் பார்த்தால், மதிலுக்கு வெளியே கடற்பாறையில் கதிரை மேசை போட்டு ஆட்கள் இருப்பது தெரியும். அந்த இடத்துக்குப் 'பூஷா' என்று பெயர். அவர்களின் மொழியில் பூஷா என்றால் ஓட்டை. மதிலில் உள்ள ஒரு சிறு துவாரத்தால் குனிந்து வெளியே போனால் அந்தக் கடைக்குப் போகலாம். அடுப்பு இல்லை, சமையல் இல்லை, குடிப்பதற்கு மாத்திரம்தான். பொழுது சாயும் நேரத்தில் அங்கே இடம் பிடிக்கப் போட்டியாக இருக்கும்.

பங்கர் ஆன கோட்டைகள்

கிழக்குப் பக்கம் திரும்பியதும் பழைய துறைமுகம். அதன் காவலுக்கு நிற்பது புனித ஜோன் கோட்டை. வாசலுக்கு அருகில் ரெவெலின் என்ற இன்னொரு பெரிய கோட்டை. 1991இல் ஷெல் விழத் தொடங்கியதும் சனங்கள் ஓடி ஒளிந்தது இந்தக் கோட்டைகளின் தடித்த சுவர்களுக்குள்தான். பீரங்கிக் காலத்துக்கென்று கட்டிய கல்லறைகளுக்குள் தாய்மார் போர்வை விரித்துப் பிள்ளைகளை நித்திரையாக்கினார்கள். ஐந்நூறு வருடப் பழைமையான மதில் திரும்பவும் மதிலாக வேலை செய்தது.

மதிலிலிருந்து கிழக்கே பார்த்தால், வாசலுக்கு வெளியே கடலை ஒட்டி நீளமாகச் சில கல்மண்டபங்கள் தெரியும். அவை 'லசரெத்தி'. கொள்ளைநோய்க் காலத்தில் வெளியூரிலிருந்து வருபவர்களைத் தனியே வைத்திருந்த இடம். நோயுள்ள ஊர்களிலிருந்து வருபவர்கள் 30 நாட்கள் ஒதுங்கியிருந்த பின்னரே உள்ளே வரலாம் என்று 1377ஆம் ஆண்டில் இந்த ஊர் சட்டம் போட்டது. உலகில் முதன்முதலாக எழுதப்பட்ட தனிமைப்படுத்தற் சட்டம் அதுதான். கொரோனாக் காலத்தில் நாம் வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது கடைப்பிடித்த நடைமுறைக்கு வயது ஆறு நூற்றாண்டுக்கு மேல். இப்போது உள்ள மண்டபங்கள் 1590ஆம் ஆண்டளவில் கட்டத் தொடங்கியவை.

போர்க்காலத்தில் இந்த லசரெத்திக்கு இன்னொரு பயன் வந்தது. 1993ஆம் ஆண்டில் 'டெஷா' என்ற பெண்கள் அமைப்பு உருவானது. இடம்பெயர்ந்து வந்த பெண்களுக்கு உதவுவதற்காகத் தொடங்கிய அந்த அமைப்பு இந்த மண்டபங்களில் இயங்கியது. நிவாரணப் பொதி கொடுப்பதோடு நின்றுவிடாமல், பெண்கள் கூடியிருந்து பேசவும், கைத்தொழில் பழகவும், தங்கள் காலில் நிற்கவும் வழி செய்தார்கள். ஒரு காலத்தில் அந்நியரை ஊருக்குள் விடாமல் மறித்து வைத்த கட்டடம், வீடிழந்து வந்த பெண்களை உள்ளே அழைத்த கட்டடமாக மாறியது.

ஊசியும் பட்டுநூலும்

இடம்பெயர்ந்தவர்களில் பலர் நகருக்குத் தெற்கே உள்ள கொனாவ்லே என்ற விவசாயப் பகுதியைச் சேர்ந்தவர்கள். 1991இல் அந்தக் கிராமங்கள் இராணுவத்திடம் வீழ்ந்தன. வீடுகள் கொள்ளையடிக்கப்பட்டு எரிக்கப்பட்டன. ஆடுமாடுகளும் போயின. சனங்கள் நகரில் உள்ள ஹோட்டல்களில் அகதிகளாகத் தங்கினார்கள்.

அந்தப் பெண்களிடம் எரியாத சொத்து ஒன்று இருந்தது. அது கைவேலை. கொனாவ்லேப் பெண்களின் சட்டையில் மார்புப் பகுதியிலும் கைமுனையிலும் பட்டுநூலால் செய்த நுண்ணிய தையல் வேலை இருக்கும். அந்தப் பட்டையும் முன்னர் அவர்களே வீட்டில் உண்டாக்கினார்கள். பட்டுப்புழுவின் முட்டை பொரிப்பதற்குச் சூடு வேண்டும் என்று, அதைச் சிறு துணியில் முடிந்து நெஞ்சோடு வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. பிள்ளையைக் காப்பது போலத்தான். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் கொனாவ்லேயின் சிலிப்பி கிராமத்தில், பூசை முடிந்த பின் கோயில் முன்றலில் அந்த உடையோடு ஆடிப் பாடுகிறார்கள். தையல் வேலைகளை விற்பனைக்கும் வைக்கிறார்கள். அந்தக் கிராமமும் 1991இல் எரிக்கப்பட்டதுதான்.

உச்சியில் இரண்டு நிறக் கூரைகள்

கிழக்கு வாசலைத் தாண்டியதும் பாதை மேல்நோக்கி ஏறுகிறது. இது நடையின் கடினமான பகுதி. முடிவில் வருவது மிஞ்செத்தா கோபுரம், மதிலின் மிக உயர்ந்த இடம். 1319ஆம் ஆண்டில் நாற்சதுரமாகக் கட்டியதை, பீரங்கியின் அடி வழுக்கிப் போகும்படி 1460களில் வட்டமாக மாற்றினார்கள். அதன் அடியில், இரண்டு மதில்களுக்கும் இடையில் பிள்ளைகள் கூடைப்பந்து விளையாடும் ஒரு மைதானம் இருக்கிறது. பந்து சுவரில் மோதும் சத்தம் மேலே கேட்கும்.

இங்கே நின்று ஊரைப் பாருங்கள். ஓட்டுக் கூரைகள் ஒரு கடல் போல விரிந்து கிடக்கும். அதில் இரண்டு நிறங்கள் உண்டு. மங்கிய மஞ்சளும் பழுப்பும் கலந்த ஓடுகள் பழையவை. பளிச்சென்ற செந்நிற ஓடுகள் போருக்குப் பின் போட்டவை. எங்கே ஷெல் விழுந்தது என்று எவரிடமும் கேட்க வேண்டாம். புதிய ஓடுகள் எவ்வளவு அதிகம் என்பதைப் பார்த்தாலே போதும்.

1991ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் திகதிதான் மிக மோசமான நாள். அதிகாலையிலிருந்து பிற்பகல் வரை ஷெல் மழை. நகரின் மேல் யுனெஸ்கோவின் கொடி பறந்துகொண்டிருந்தது. 1979ஆம் ஆண்டிலிருந்தே இது உலக மரபுரிமை நகரம். கொடி எதையும் தடுக்கவில்லை. மதிலுக்கு வெளியே இருந்த பல்கலைக்கழக நிலையத்தின் கட்டடம் அன்று நூலகத்தோடு எரிந்தது. நூலகம் எரிந்த மணம் என்ன என்பது 1981ஐக் கண்ட யாழ்ப்பாணத்தவருக்குத் தெரியும். முற்றுகைக் காலம் முழுவதிலும் எண்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் உயிரிழந்தார்கள். ஊரைக் காக்க நின்று இறந்த இளைஞர்களின் படங்களை ஸ்பொன்சா மாளிகையின் ஓர் அறையில் வரிசையாக மாட்டியிருக்கிறார்கள். நடை முடிந்து இறங்கியதும் அங்கே போகலாம். பெரும்பாலானவை சிரித்த முகங்கள்.

திருத்த வேலை 1995 முதல் 1999 வரை மும்முரமாக நடந்தது. வெளிநாட்டு உதவியும் வந்தது. ஆனால் கண்டபடி கட்டவில்லை. பழைய முறை, பழைய கல், பழைய மர வேலை என்பதில் பிடிவாதமாக நின்றார்கள். பழைய ஓடுகளைச் செய்த உள்ளூர்ச் சூளை மூடப்பட்டிருந்தபடியால், அதே நிறத்துக்குக் கிட்டிய ஓடுகளைத் தேடிப் பிரான்சிலிருந்தும் ஸ்லொவேனியாவிலிருந்தும் கொண்டுவந்தார்கள். 1998ஆம் ஆண்டில் ஆபத்திலுள்ள மரபுரிமைகளின் பட்டியலிலிருந்து யுனெஸ்கோ இந்த நகரை நீக்கியது.

இறங்கியதும் சந்தை

மிஞ்செத்தாவிலிருந்து இறங்கினால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவோம். இனிப் பசிக்கும். பிரதான வீதி வழியாகச் சென்று ஒரு சிறு ஒழுங்கைக்குள் திரும்பினால் குந்துலிச் சதுக்கம். காலையில் இங்கே சந்தை கூடும். சுற்றுக் கிராமங்களின் பெண்கள் தங்கள் தோட்டத்து மரக்கறி, தேன், உலர்ந்த அத்திப்பழம், சீனி பூசிய பாதாம்பருப்பு என்று சிறு சிறு பொதிகளாக வைத்து விற்பார்கள். அவற்றோடு 'அரஞ்சினி'யும் இருக்கும். அதுதான் சீனிப்பாகில் பதப்படுத்திய தோடம்பழத் தோல்.

இந்த ஊரின் கசப்புத் தோடம்பழம் அப்படியே சாப்பிட உதவாது. மணத்தில் நமது நாரத்தங்காயை நினைவூட்டும். எறிய வேண்டிய தோலையே விலைபோகும் இனிப்பாக்கிவிட்டார்கள் அந்த ஊர்ப் பெண்கள். செய்முறை கடினமானதல்ல. வீட்டில் செய்து பார்க்க விரும்பும் சகோதரிகளுக்காக:

தோடம்பழத் தோலைக் கழுவி விரலளவு நீளத் துண்டுகளாக வெட்டுங்கள். உட்புற வெள்ளைப் பகுதி தடிப்பாக இருந்தால் சிறிது சுரண்டிவிடலாம். கசப்பு இனமானால் மூன்று நான்கு நாட்கள் தண்ணீரில் ஊறவைத்து, காலையும் மாலையும் தண்ணீரை மாற்றுங்கள். சாதாரணத் தோடம்பழமானால் மூன்று முறை கொதிக்கவைத்துத் தண்ணீரை வடித்தாலே போதும். பின்னர் தோலை நிறுத்து, அதே நிறை சீனியும் சிறிது தண்ணீரும் சேர்த்து மெல்லிய நெருப்பில் வையுங்கள். பாகு முழுவதும் தோலில் ஊறும் வரை அடிப்பிடியாமல் கிளறுங்கள். இறக்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, ஒன்றிரண்டு நாட்கள் உலரவிட்டுச் சீனியில் பிரட்டுங்கள். ஈரமில்லாத போத்தலில் இட்டு இறுக மூடினால் பல வாரங்களுக்குக் கெடாது.

மதியச் சாப்பாட்டுக்கு நமக்குப் பழக்கமான ருசிகள் பல உண்டு. கணவாயின் மையோடு சமைத்த கறுப்புச் சோறு ஒன்று. கீரையையும் உருளைக்கிழங்கையும் அவித்து, உள்ளியும் ஒலிவ் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்த 'பிளித்வா' இன்னொன்று, மீனோடு சாப்பிடுவார்கள். சிப்பி விரும்புபவர்களுக்கு ஸ்தொன் என்ற அயலூரின் சிப்பி. குடியரசுக் காலத்தில் பணம் கொழித்த உப்பளம் அந்த ஊரில்தான் இருக்கிறது; அங்கேயும் மலை ஏறி இறங்கும் ஒரு நீண்ட மதில் உண்டு. கடைசியாக 'ரொஷாத்தா'. முட்டை, பால், சீனி, ரோசா மணம் சேர்த்துச் செய்த இனிப்பு. வட்டலப்பம் சாப்பிட்டவர்களுக்கு அதன் பக்குவம் உடனே பிடிபடும்.

சாப்பிட்ட பின் பிரதான வீதியின் வீடுகளை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். 1667ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்து, ஊர் தரைமட்டமான பின் ஒரே அளவாகக் கட்டிய வீடுகள் இவை. கீழே கடை, மேலே குடியிருப்பு, குசினி எல்லாவற்றுக்கும் மேலே கூரைக்கு அடியில். தீப்பிடித்தால் வீடு முழுவதும் பரவாதிருக்க அப்படிச் செய்தார்கள். அத்தனை படியும் விறகையும் தண்ணீரையும் யார் சுமந்து ஏறியிருப்பார்கள் என்பதையும் நாம் நினைத்துக்கொள்ளலாம்.

கூரை வந்தது, குடி போகிறது

எல்லாம் நல்லபடி முடிந்த கதை போல இது தோன்றக்கூடும். அப்படி இல்லை. 1991இல் மதிலுக்குள் ஏறத்தாழ 5,000 பேர் வாழ்ந்தார்கள். இப்போது 1,500 பேர் கூட இல்லை. ஷெல் துரத்தாதவர்களை உல்லாசப் பயணம் துரத்துகிறது. வீட்டைப் பயணிகளுக்கு நாட்கணக்கில் வாடகைக்கு விட்டால் வருமானம் அதிகம். பாணும் மரக்கறியும் விற்ற கடைகள் நினைவுப்பொருட் கடைகளாக மாறுகின்றன. கிழவிகள் படியேறிச் சாமான் சுமக்க முடியாமல் வெளியே பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மதிலில் ஏறும் அனுமதிச்சீட்டு 2024ஆம் ஆண்டுக் கோடையில் 35 யூரோ. கூட்டம் தாங்காமல், ஒரே நேரத்தில் இரண்டு உல்லாசக் கப்பல்களும் 4,000 பயணிகளும் மாத்திரம் என்று 2019இல் நகரசபை வரையறை செய்ய வேண்டி வந்தது. ஓட்டைத் திருத்திவிடலாம். அந்த ஓட்டின் கீழ் அடுப்பு எரிய வேண்டும் அல்லவா? இந்தக் கேள்விக்கு அந்த ஊர் இன்னும் விடை தேடுகிறது.

ஆனால் வேறொரு காரியத்தை அவர்கள் விடவில்லை. யார் செய்தது என்ற கேள்வியை அவர்கள் கைவிடவில்லை. பழைய நகரைத் தாக்கியதற்காக இரண்டு தளபதிகள் ஹேக் நகரில் இருந்த சர்வதேச நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். மியோட்ராக் யோக்கிச் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2004ஆம் ஆண்டில் அவருக்கு ஏழு வருடச் சிறை விதிக்கப்பட்டது. பாவ்லே ஸ்துருகார் 2005ஆம் ஆண்டில் குற்றவாளியாகக் காணப்பட்டார். தாக்குதலில் பங்கெடுத்த மொன்ரெனேக்ரோவின் தலைவர் 2000ஆம் ஆண்டில் வந்து குரோஷிய சனாதிபதியிடம் வருத்தம் தெரிவித்தார். கொனாவ்லேயின் பண்ணையிலிருந்து ஓட்டிச் செல்லப்பட்ட மாடுகளுக்காக 375,000 யூரோ நட்டஈடு கொடுக்கவும் அந்த நாடு உடன்பட்டது.

மாட்டுக்கு நட்டஈடா என்று சிரிக்க வேண்டாம். பட்டியை இழந்தவளுக்குத்தான் மாட்டின் பெறுமதி தெரியும். இறந்தவர்களுக்கு ஈடாக எதையும் கொடுக்க முடியாது. ஆனால் என்ன போனது என்று ஒருவர் கணக்கு வைத்திருந்தால்தான், இன்னொருவர் ஒருநாள் அதற்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

ஊரை விட்டு வெளியேறும்போது திரும்பவும் அந்த வாசற் பலகையைக் கடந்துதான் போக வேண்டும். காலையில் பார்த்தபோது அது வெறும் அடையாளங்கள். இப்போது அதில் நாம் நடந்த தெரு தெரியும். துணி காயவிட்டிருந்த வீட்டின் கூரை தெரியும். அந்தப் படத்தை ஒருநாளில் வரைந்துவிட முடியாது. ஆட்கள் கூரை கூரையாகப் பார்த்துக் கணக்கெடுத்திருக்கிறார்கள்.

சகோதரிகளே, நமது வீடுகளின் கணக்கு நம்மிடம்தான் இருக்கிறது. எந்த அறை, எந்த மரம், எந்தக் கிணறு, எத்தனை மாடு, எந்தத் திகதி என்பதெல்லாம் நமக்கு நினைவிருக்கிறது. ஒரு பாடசாலைக் கொப்பியை எடுத்து, பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்தி, அவற்றை எழுதி வையுங்கள். முடிந்தால் வளவின் படத்தையும் கீறுங்கள். பக்கத்தில் ஒரு தட்டில் தோடம்பழத் தோல் இனிப்பும் இருக்கட்டும்.